மடியில் வந்த இருமல்

என் வீட்டு கேட்டில் ஒரு தகரப் பலகை தொங்குகிறது. இருமுகிற நாயை உள்ளே சேர்ப்பதில்லை, தடுப்பூசி அட்டை இல்லாத நாயையும் சேர்ப்பதில்லை என்று சிவப்புப் பெயின்டில் எழுதி மாட்டியிருக்கிறேன். சேவூர் போகிற டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவருக்குக்கூடத் தெரிகிற பெரிய எழுத்து. ஆனால் நாயோடு வருகிறவர்கள் யாரும் அதைப் படித்து நான் பார்த்ததில்லை. ஏணி போட்டு ஏறி அதை மாட்டியவர் என் வீட்டுக்காரர். அவரும் படித்ததில்லை.

ஊருக்குப் போகிறவர்களின் நாய்களை வைத்துப் பார்த்துக்கொள்வது என் தொழில். தனியார் பள்ளிக்கூடத்து ஆபீஸில் பல வருஷம் வேலை பார்த்துச் சலித்து, வீட்டுப் பின்பக்க இடத்தில் கம்பி வலை அடித்து, மேலே ஷீட் போட்டு வரிசையாகச் சின்னச் சின்ன அறைகள் கட்டினேன். "நாய்க்கு லாட்ஜா?" என்று சிரித்தவர்கள் முகூர்த்த மாதம் வந்ததும் போன் செய்தார்கள். ஆரணியில் இப்போது தெருவுக்கு நாலு வீட்டில் ஜாதி நாய் இருக்கிறது. வாங்கும்போது யாரும் யோசிப்பதில்லை. கல்யாணத்துக்கோ திருப்பதிக்கோ கிளம்புகிற அன்றைக்குத்தான் நாய் ஒன்று இருப்பது ஞாபகம் வருகிறது.

வேலை கடினம் என்று சொல்ல மாட்டேன். காலையில் தெருவில் நெசவுக்கான பாவு நூலை நீளமாக நீட்டியிருப்பார்கள், நாய்களை நடத்த முடியாது. அதனால் சாயங்காலம்தான் நடை. மற்ற நேரம் கழுவுவது, சமைப்பது, மறுபடி கழுவுவது. நாய்களோடு எனக்குச் சண்டையே வந்ததில்லை. மனுஷர்களோடு தினம் வருகிறது.

அன்றைக்கு மே மாத முகூர்த்தம். என்னிடம் ஐந்து நாய்கள் இருந்தன. அதில் இரண்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒன்று அரிசி மண்டி வைத்திருக்கும் ஜைனக் குடும்பத்தின் லாப்ரடார். அவர்கள் வடக்கே யாத்திரை போயிருந்தார்கள். தயிர்சாதமும் பருப்பும் தவிர வேறெதையும் அது முகர்ந்துகூடப் பார்க்காது. இன்னொன்று கண்ணமங்கலத்திலிருந்து வந்த ஜெர்மன் ஷெப்பர்ட். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் பையன் ஆசைப்பட்டு வாங்கி, அப்பா அம்மாவிடம் விட்டுவிட்டுப் போனது. இவை போக எங்கள் வீட்டு நாய். ஒரு காது மடங்கிய கிழட்டு நாட்டு நாய். என் வீட்டுக்காரரின் செருப்பு மேல் தலை வைத்துத்தான் தூங்கும்.

மார்க்கெட்டுக்குப் போய்த் திரும்பி கேட்டைத் திறக்கும்போதே அந்தச் சத்தம் கேட்டது. வாத்து கத்துவது போல வறட்டு இருமல். விடாமல் நாலைந்து தடவை, கடைசியில் எதையோ கக்கப் போவது போல ஓர் ஓங்கரிப்பு. பையைக் கீழே வைத்துவிட்டுப் பின்பக்கம் ஓடினேன்.

நாய்களை வெளியே விட்டு விளையாட வைக்கும் நேரம் அது. எல்லா நாய்களும் முற்றத்தில் இருந்தன. நடுவில் புதிதாக ஒரு பக் நாய். அது இருமும், மற்ற நாய்கள் வந்து அதன் வாயை முகர்ந்து பார்க்கும். பிறகு எல்லாம் ஒன்றாகப் போய் ஒரே தொட்டியில் தண்ணீர் குடிக்கும். என் வீட்டுக்காரர் இன் பண்ணிய சட்டையோடு பக்கத்தில் நின்று ரசித்துக்கொண்டிருந்தார்.

"இது யாரு வூட்டு நாய்?"

"முதலாளியம்மாவுது. சிங்கப்பூர் கெளம்பிட்டாங்க. நேரமாயிடுச்சுன்னு என்னையும் கார்ல ஏத்தி, இத மடியில குடுத்து, நம்ம வாசல்ல எறக்கி வுட்டுட்டு அப்படியே போய்ட்டாங்க."

அவர் ஒரு பட்டுப் புடவைக் கடையில் கணக்கு எழுதுகிறார். முதலாளியம்மா என்றால் அந்தக் கடை முதலாளியின் மனைவி.

"அட்டை எங்க?"

"எந்த அட்டை?"

"தடுப்பூசி அட்டைங்க."

"அதெல்லாம் போடாமயா இருப்பாங்க? பெரிய எடம்."

"இருமிகினு இருக்குதே, காது கேக்கலையா?"

"பக்குன்னா அப்படித்தாம்மா. மூக்கே இல்ல பாரு அதுக்கு. மூச்சு வுடறதே கஷ்டம், பாவம்."

அந்த 'பாவம்' என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு உடம்பெல்லாம் எரியும். ஒரு நாயைப் பாவம் என்று சொல்லி ஆறு நாயைப் படுக்க வைக்கிற ஆள் அவர். பக்கை ஒரு துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு போய் மாடி அறையில் விட்டேன். கீழே வந்து மற்ற நாய்களை அறைகளில் அடைத்து, தொட்டித் தண்ணீரைக் கொட்டி, பிளீச்சிங் பவுடர் கரைத்துத் தேய்த்துக் கழுவினேன். பிறகு முதலாளியம்மாவுக்குப் போன் போட்டேன்.

"அம்மா, உங்க நாய்க்கு எப்பலேர்ந்து இருமல்?"

"இருமலா? அது ஏசி காத்தும்மா. போன வாரம் வேலூர்ல நாய்ங்களுக்கு முடி வெட்ற கடையில வுட்டிருந்தோம். வந்ததுலேர்ந்து தொண்டையில என்னமோ மாட்டிகினு இருக்குது. எலும்பா இருக்கும்னு டிரைவரு வாழைப்பழம் குடுத்தான். நீ கூட ஒண்ணு குடேன்."

"டாக்டர் கிட்ட காட்டினீங்களா?"

"நேரம் எங்கம்மா இருந்துது? நாங்க வாலாஜா டோல்கேட்டாண்ட இருக்கோம். சிக்னல் வேற இல்ல. பத்திரமா பாத்துக்கோ, அது என்னைப் பிரிஞ்சு இருந்ததே இல்ல."

சிக்னல் இல்லை என்று சொன்னது நன்றாகவே கேட்டது. அதற்குப் பிறகு போனை எடுக்கவில்லை.

முடி வெட்டுகிற இடம், நாய்கள் கூடுகிற இடம், போய் வந்து ஒரு வாரத்தில் வாத்துச் சத்தம். என்ன நோய் என்று எனக்கே தெரிந்துவிட்டது. ஆனாலும் மறுநாள் ஆட்டோ பிடித்து மாட்டாஸ்பத்திரிக்குப் போனேன். எல்லா மிருகத்துக்கும் அங்கேதான் வைத்தியம் என்றாலும் ஊரில் அதற்கு மாட்டாஸ்பத்திரி என்றுதான் பேர். வாசலில் கயிற்றிலும் சங்கிலியிலும் நாலைந்து நாய்கள் காத்திருந்தன. பக்கை ஆட்டோவிலேயே வைத்துவிட்டு நான் மட்டும் உள்ளே போய் டாக்டரிடம் விஷயத்தைச் சொன்னேன். இளவயதுப் பெண். "நல்ல வேளை, உள்ள கொண்டாரல" என்று சொல்லி, கையுறை மாட்டிக்கொண்டு ஆட்டோவுக்கே வந்து பார்த்தார். தொண்டையை லேசாக அழுத்தியதும் பக் இருமித் தள்ளியது.

"கென்னல் காஃப் தான் மேடம், நாய்க்கு நாய் ஒட்டற இருமல். இதுக்கு ஒண்ணும் ஆகாது, ரெண்டு மூணு வாரத்துல தானா சரியாயிடும். மத்த நாய்ங்க கூட சேர்ந்துதா?"

"ஒரு மணி நேரம் ஒண்ணா வெளாடிச்சுங்க. ஒரே தொட்டியில தண்ணி குடிச்சுதுங்க."

அவர் என்னைப் பார்த்த பார்வையில், கேட்டில் பலகை மாட்டியிருப்பதை நானே சொல்லிக்கொள்ள வேண்டியதாயிற்று.

"அப்ப எல்லாத்துக்கும் ஒட்டியிருக்கும்னு வச்சுக்கங்க. இன்னைக்கு இருமாது. சில நாள் கழிச்சு ஆரம்பிக்கும், பத்து நாள் கூட ஆகலாம். அது வரைக்கும் புதுசா ஒரு நாயும் சேர்க்காதீங்க, இருக்குற நாயையும் வெளிய அனுப்பாதீங்க. தட்டு, துணி, துடைப்பம் எல்லாம் தனித்தனியா வைங்க. இருமுற நாயைக் கடைசியாப் பாருங்க, பாத்துட்டு சோப்பு போட்டுக் கை கழுவுங்க. அறையில காத்து நல்லா வரணும். கழுத்துல பட்டை போட்டு இழுக்காதீங்க, அதுவே இருமலைக் கிளப்பி வுடும். வயசான நாய் இருக்கா?"

"எங்க வூட்டு நாய் இருக்குது."

"அத மட்டும் ஜாக்கிரதை. குட்டிக்கும் கெழத்துக்கும்தான் இது நெஞ்சுல எறங்கும். சாப்பாட்டை நிறுத்துச்சுன்னா, மூச்சு வேகமா வாங்குச்சுன்னா உடனே கூப்பிடுங்க. மனுஷங்க குடிக்கற இருமல் டானிக் மட்டும் ஊத்திடாதீங்க."

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் என் வீட்டுக்காரரிடம் ஒன்று விடாமல் ஒப்பித்தேன். மாடிக்குத் தனிச் செருப்பு, தனி நைட்டி, தனித் துடைப்பம், தனி வாளி. "மாடிக்கு நான் மட்டும்தான் போவேன், நீங்க போகக்கூடாது" என்றேன். மண்டையை மண்டையை ஆட்டினார்.

முகூர்த்த மாதத்தில் புது நாய் சேர்க்க முடியாது என்று போன் செய்தவர்களுக்கெல்லாம் மறுத்துச் சொன்னேன். ஒருவரும் சரி என்று வைக்கவில்லை. "ஓரமா கட்டிப் போடுங்க", "எங்க நாய்க்கு அதெல்லாம் வராது", "போன தடவை வுட்டோமே, அப்ப மட்டும் எடம் இருந்துதா" என்று ஆளுக்கொரு நியாயம். ஒருத்தி, "எங்கள வாணான்னு சொல்றீங்க, வேற யாரோ பெரிய ஆளு வூட்டு நாய் வந்திருக்குதாமே" என்று கேட்டாள். இந்த ஊரில் சமாச்சாரம் பரவுவதற்குத் தும்மல்கூடத் தேவையில்லை.

ரெண்டு நாள் போனது. கடைக்குப் போய்விட்டு வந்தபோது ஹாலில் கிரிக்கெட் சத்தம். சோபாவில் என் வீட்டுக்காரர், மடியில் பக், காலடியில் எங்கள் கிழட்டு நாய். மூன்றும் மேட்ச் பார்த்துக்கொண்டிருந்தன.

நான் டிவியை அணைத்தேன்.

"அழுதும்மா அது. மேல தனியா, கதவ பிராண்டிகினு. அஞ்சு நிமிஷந்தான்."

"நான் என்ன சொன்னேன்?"

"நீ சொன்னது தொட்டி, தட்டு, துடைப்பம். மடியில வச்சுக்கக் கூடாதுன்னு சொல்லலையே?"

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் என்னோடு இவ்வளவு துல்லியமாக வாதாடியது இதுதான் முதல் தடவை. சட்டை லுங்கியைக் கழற்றி வெந்நீரில் போட வைத்து, அவரைக் குளிக்க அனுப்பினேன். சோபா உறையை உருவித் துவைத்தேன். எங்கள் நாயை என்ன செய்வது? அதன் முகத்துக்கு நேராக இருமியாகிவிட்டது. துவைக்க முடியாது.

அந்த வாரக் கடைசியில் லாப்ரடார் இருமியது. மறுநாள் இன்னொன்று. அதற்கு அடுத்து ஜெர்மன் ஷெப்பர்ட். அது இருமினால் ஷீட் கூரையே அதிரும். பக்கத்து வீட்டில் தறி நெய்கிற அக்கா சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

"என்னாம்மா, உங்க வூட்டு நாய்ங்க எல்லாம் ராத்திரி பகலா இருமிகினே கெடக்குதுங்க? கொரோனாவா?"

"அதெல்லாம் இல்லக்கா. நாய்க்கு வர்ற இருமல். மனுஷங்களுக்குச் சாதாரணமா ஒட்டாது. ஆனா உங்க நாயை இந்தப் பக்கம் வுடாதீங்க, நீங்களும் கம்பிக்குள்ள கைய வுடாதீங்க."

சரி சரி என்றாள். சாயங்காலம் பார்த்தால் பின் கேட் வழியாக வந்து, துளசி போட்டுக் காய்ச்சிய கஷாயத்தை ஒரே டம்ளரில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு அறையாகக் கம்பிக்குள் கையை விட்டு நாய்களுக்கு நக்கக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். "குடிடா கண்ணு" என்று தலையை வேறு தடவிக்கொடுக்கிறாள். கஷாயம் தீர்ந்ததும் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். அங்கே வாலை ஆட்டிக்கொண்டு வந்த அவள் நாயை வாரி எடுத்துக் கொஞ்சியதையும் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன்.

இதுதான் எனக்குத் தாங்கவில்லை. கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை. எல்லாருக்கும் நல்ல மனசு, அந்த நல்ல மனசு அவ்வளவும் கையில் வழிந்து ஒரு நாயிடமிருந்து இன்னொரு நாய்க்குப் போய்க்கொண்டிருந்தது. திட்டவும் முடியவில்லை. சில நாளில் அவள் நாயும் இருமத் தொடங்கியது. "உங்க வூட்லேர்ந்துதான் வந்திருக்கும்" என்றாள், ரொம்ப நேரம் யோசித்துக் கண்டுபிடித்தது போல.

உரிமையாளர்களுக்குச் சொல்ல வேண்டுமே. பெங்களூர்ப் பையனுக்குப் போன் செய்தேன். செய்திருக்கவே கூடாது. அன்று முழுவதும் மெசேஜ் வந்துகொண்டே இருந்தது. ஆங்கிலத்தில் எங்கிருந்தோ எடுத்த பத்தி பத்தியான கட்டுரைகள், கொடுக்க வேண்டிய மருந்துகள், கொடுக்கக் கூடாத மருந்துகள். ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை நாய் மூச்சு விடுவதை வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னான். "தம்பி, இதுக்குத் தடுப்பூசி இருக்குது. மூக்குல வுடற மருந்து. வருஷா வருஷம் போடணும். உங்க அட்டையில அது மட்டும் இல்ல. நான் சேர்க்கும்போதே கேட்டேன், வெறி நாய்க்கடி ஊசி போட்டிருக்கு, அது போதும்னீங்க" என்றேன். அதற்கு மட்டும் பதில் மெசேஜ் வரவில்லை. வீடியோ மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தான்.

அரிசி மண்டிக்காரர் வடக்கே ஏதோ ரயில்வே ஸ்டேஷனிலிருந்து பேசினார். பின்னால் அறிவிப்புச் சத்தம்.

"மருந்து குடுக்கறீங்களாங்க?"

"டாக்டர் மாத்திரை எழுதிக் குடுத்திருக்காங்க."

"மாத்திரையா, கேப்சூலா? கேப்சூல்னா மேல உறை இருக்குமே, அது எதுல செய்றாங்கன்னு கொஞ்சம் கேட்டுச் சொல்றீங்களா? மாட்டு எலும்புலன்னு சொல்றாங்க."

எனக்குத் தலை சுற்றியது. ஒரு பக்கம் ஜெர்மன் ஷெப்பர்ட் கூரையை அதிர வைக்கிறது, இன்னொரு பக்கம் வீடியோ, இதில் கேப்சூல் உறை. "மாத்திரைதாங்க. தயிர்சாதத்துல பொடிச்சுப் போட்டுத்தான் குடுக்கறேன்" என்று கொஞ்சம் கடுப்பாகவே சொல்லிவிட்டேன். அவர் அதைக் கண்டுகொள்ளவில்லை. "சரிங்க, நல்லதுங்க" என்றவர் போனை வைக்காமல், "மத்த நாய்ங்க எப்படி இருக்குதுங்க? நீங்க சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார். அந்த மாதம் முழுவதும் அதைக் கேட்டவர் அவர் ஒருவர்தான். "ஆச்சுங்க" என்று பொய் சொன்னேன். எரிச்சலில் இருப்பவளிடம் திடீரென்று அன்பாகப் பேசினால் இப்படித்தான் ஆகிறது.

எங்கள் நாய் ஒரு வாரம் கழித்து இருமியது. மற்ற நாய்களைப் போல வாத்துச் சத்தம் இல்லை. ஈரமான, ஆழத்திலிருந்து வரும் இருமல். ரெண்டாம் நாள் கறிச்சோற்றுத் தட்டை முகர்ந்துவிட்டுப் படுத்துக்கொண்டது. விலா எலும்பு வேகவேகமாக ஏறி இறங்கியது. டாக்டர் வீட்டுக்கே வந்து பார்த்தார். நெஞ்சில் இறங்கிவிட்டது, நிமோனியா என்றார். ஊசி போட்டார். மூக்கிலிருந்து வழிவதைத் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும், குளியலறையைச் சாத்தி வெந்நீர் ஆவி நிரப்பி அதில் நாயைச் சற்று நேரம் உட்கார வைக்க வேண்டும், அதற்குப் பிறகு முதுகை மெல்லத் தட்டிவிட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

"நான் பாத்துக்கறேன்" என்றார் என் வீட்டுக்காரர்.

"கடை?"

"லீவு சொல்லிட்டேன்."

முதலாளி வெளிநாட்டில் இருக்கும்போது, முகூர்த்த மாதத்தில், கணக்கு எழுதுகிற ஆள் லீவு. இந்த மனுஷர் தன் சொந்தத் தங்கை கல்யாணத்துக்கே மத்தியானத்துக்கு மேல்தான் வந்தார்.

காலையிலும் சாயங்காலமும் கீசரைக் கொதிக்க விட்டு, குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, லுங்கியோடு தரையில் உட்கார்ந்து நாயை அணைத்துக்கொள்வார். வெளியே மே மாத வெயில். உள்ளே இட்லிக் குண்டான். கதவைத் திறந்தால் ஆவியோடு சேர்ந்து அவர் வெளியே வருவார், வேகவைத்த கிழங்கு மாதிரி. ஒரு தடவை கதவிடுக்கில் அவர் பேசுவது கேட்டது. "கொஞ்சம் இருமுடா. இருமித் துப்பிடு. நான்தான் தப்பு பண்ணிட்டேன், அவளாண்ட சொல்லிடாத."

எனக்குக் கோபம் குறையவில்லை. ஆனால் அன்றைக்கு அவருக்குப் பிடித்த வத்தக்குழம்பு வைத்தேன். வைத்ததற்காக என் மேலேயே எனக்கு எரிச்சல் வந்தது.

நாலைந்து நாள் அது பிழைக்குமா என்று தெரியவில்லை. ஊசிக்கு மேல் ஊசி. ஒரு காலை, நான் மற்ற நாய்களின் அறைகளைக் கழுவிவிட்டு வந்தபோது, அவர் தட்டில் கஞ்சி வைத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தார். நாய் அவர் விரலை நக்கியது, பிறகு விரலில் இருந்த கஞ்சியை, பிறகு தட்டில் இருந்ததை. அவர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. லுங்கி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வியர்வை என்றுதான் நானும் எடுத்துக்கொண்டேன்.

ஜூன் மாதத்தில் ஒவ்வொரு நாயாக இருமலை நிறுத்தியது. நிறுத்திய பிறகும் டாக்டர் சொன்ன காலம் முடியும் வரை நான் யாரையும் வீட்டுக்கு அனுப்பவில்லை. அதற்காக வாங்கிய திட்டு தனி. அரிசி மண்டிக்காரர் மட்டும் கேட்டுக்கு வெளியே நின்று தன் நாயைப் பார்த்துவிட்டு, கும்பிட்டுவிட்டுப் போனார்.

இதற்கிடையில் முதலாளியம்மா சிங்கப்பூரிலிருந்து திரும்பினார். பக்குக்குத்தான் எல்லாருக்கும் முன்னால் குணமாகி, டாக்டர் சொன்ன காலமும் முடிந்திருந்தது. மாடியிலிருந்து இறக்கி, கேட்டுக்கு வெளியே கொண்டுபோய்க் கொடுத்தேன். தூக்கிப் பார்த்தார்.

"என்னம்மா, எளைச்சிடுச்சே? மாடியில தனியா போட்டு வச்சிருந்தியாமே? டிரைவர் சொன்னான்."

"அதுக்கு ஒட்டற நோய்ம்மா. மத்த நாய்ங்க எல்லாம் படுத்துடுச்சுங்க."

"அதான் சொல்றேன். இத்தனை நாய்ங்களுக்கு நடுவுல வுட்டா ஒட்டாம என்ன செய்யும்?"

நான் என்ன பதில் சொன்னேன் என்று எல்லாரும் கேட்கிறார்கள். அவர் கொடுத்த சாக்லேட் டப்பாவை வாங்கிக்கொண்டு நின்றேன். கார் போன பிறகு சொல்ல வேண்டியதெல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. அதை என் வீட்டுக்காரரிடம் சொன்னேன், அவர் சோறு தின்று முடிக்கும் வரை.

பிறகு ஊரே பேசியது. என் இடத்தில் நாயை விட்டால் இருமல் வரும் என்று முதலாளியம்மா கடையில் புடவை எடுக்க வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அடுத்த மாதத்துக்கு இடம் கேட்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக வேண்டாம் என்றார்கள். கம்பி அறைகள் காலியாகக் கிடந்தன. இருமல் இருந்தபோது சேர்க்கச் சொல்லிச் சண்டை போட்டவர்கள், இருமல் போன பிறகு, மூலைமுடுக்கெல்லாம் கழுவி வெயிலில் காயவைத்த பிறகு, பயப்பட்டார்கள்.

ஒரு சாயங்காலம் என் வீட்டுக்காரர் கடையிலிருந்து வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"இன்னைக்கு ஒரு கஸ்டமரு கல்லாவாண்ட வந்து கேட்டாங்க. ஏங்க, உங்க வூட்ல நாய் வுட்டா சீக்கு வருதாமேன்னு. முதலாளியம்மா பக்கத்துலயே உக்காந்துகினு இருந்தாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"வந்தது நெஜந்தாம்மா, ஆனா அந்த இருமல எங்க வூட்டுக்குக் கொண்டாந்தது நான்தான்னேன். முதலாளி வூட்லேர்ந்து என் மடியில வச்சுகினு கொண்டாந்தேன், எங்க வூட்டம்மா வாணான்னு சொல்லியும் கேக்கலன்னு சொன்னேன்."

"அவங்க?"

"புடவையை மடிச்சு மடிச்சு வச்சாங்க. மடிச்சதையே திரும்ப மடிச்சாங்க."

எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனாலும் கேட்டேன். "நான் வாணான்னு சொல்லவே நீங்க வுடலையே? நான் மார்க்கெட்ல இருந்தேன்."

"எல்லாத்தையும் எப்படிம்மா கரெக்டா சொல்றது" என்று எழுந்து போய்விட்டார்.

அவர் வேலை போகவில்லை. மெல்ல நாய்களும் வந்தன. முதலில் அரிசி மண்டி லாப்ரடார். அதைப் பார்த்து மற்றவர்கள். இப்போது எல்லா நாயும் கேட்டுக்கு வெளியே நிற்க வேண்டும், நானே தொண்டையை லேசாக அழுத்தி, இருமுகிறதா என்று பார்ப்பேன். மூக்கு மருந்து போட்டுக் கொஞ்ச நாளாவது ஆகியிருக்க வேண்டும். புதிதாக வருவது ஒரு வாரத்துக்கு எதோடும் சேராமல் தனி அறையில். தண்ணீர்த் தொட்டியை உடைத்துவிட்டேன், ஆளுக்கொரு கிண்ணம். இவ்வளவும் சொல்லி முடித்தால், "நாய்க்கா இவ்ளோ?" என்பார்கள். ஆமாம், நாய்க்குத்தான்.

போன மாதம் முதலாளி குடும்பம் மறுபடி வெளியூர் கிளம்பியது. முதலாளியம்மா எனக்குப் போன் செய்யவில்லை. மூக்கு மருந்து போட்டீர்களா என்று நான் கேட்பேன் என்று தெரியும். பக்கைக் கடைக்குப் பின்னால் இருக்கும் கோடவுனில், புடவை அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே விட்டுவிட்டு, கோடவுன் காவல்காரரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். மூன்றாம் நாள் காலை அந்தக் காவல்காரர் எனக்குப் போன் செய்தார்.

"அம்மா, உங்க வூட்டு சார்தான் நம்பர் குடுத்தாரு. இந்த நாய் நேத்துலேர்ந்து தும்மிகினே இருக்குது. மூக்குல தண்ணியா ஊத்துது. என்னா பண்றது?"

"தனியா வையுங்க. வேற நாய் எதுவும் கிட்ட வராம பாத்துக்கங்க. அதுக்கு வைக்கற கிண்ணத்தை வேற எதுக்கும் வைக்காதீங்க."

"வேற நாயா?" என்று கொஞ்சம் இழுத்தார். "இங்க பின்னாடி நாலு தெரு நாய்ங்க இருக்குதும்மா. ஒண்ணு குட்டி போட்டிருக்குது. இது தனியா இருக்குதேன்னு நான்தான் தொறந்து வுட்டேன். எல்லாம் ஒண்ணாத்தான் சோறு துன்னுதுங்க. பாவம், நல்லா வெளாடிகினு இருக்குதுங்க."

"நான் வர்றேன்" என்று போனை வைத்தேன். பிறகு பிளீச்சிங் பவுடர் டப்பாவையும், நாலு கிண்ணத்தையும், மாடிக்கு என்று வைத்திருந்த நைட்டியையும் பையில் போட்டேன். என் வீட்டுக்காரர் ஸ்கூட்டர் சாவியோடு எழுந்தார்.

"நீங்க வாசல்லயே நிக்கணும்" என்றேன். "உள்ள வரக்கூடாது. எதையும் தூக்கக் கூடாது. குட்டியைப் பாத்தா கூடத் தூக்கக் கூடாது."

"சரிம்மா, சரிம்மா" என்றார். "குட்டி எத்தனைன்னு மட்டும் கேட்டியா?"